அத்தையை விட்டுவிட்ட கூட்டல்

எங்கள் தெரு விழாக் குழுவுக்கு ஒரு கணினி நிரல் எழுதித் தர நான் ஒப்புக்கொண்டதே தப்பு. அம்பத்தூரில் கம்பெனியில் வாரம் முழுக்க அந்த வேலையைத்தான் செய்கிறேன். சனி ஞாயிறாவது மனுஷியாக இருக்கலாம் என்று பார்த்தால், வியாழக்கிழமை சாயங்காலம் வேம்புலி அண்ணன் வாசலில் வந்து நிற்கிறார். மினி லாரி ஓட்டுகிறவர், விழாக் குழுவின் செயலாளரும் அவர்தான்.

"விஜி, சின்ன வேலம்மா. ஒனுக்கு அஞ்சு நிமிசம்."

அடுத்தவர்கள் பார்த்து 'அஞ்சு நிமிஷம்' என்று சொன்ன எந்த வேலையும் அஞ்சு நிமிஷத்தில் முடிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அது தெருவுக்கே தெரியும். ஆனாலும் அம்மன் காரியமாச்சே, கேட்டுத் தொலைத்தேன்.

விஷயம் இதுதான். நசரத்பேட்டையில் எங்கள் தெருக் கோடியில் ஒரு சின்ன வேம்புலியம்மன் கோயில். ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவோம். வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, குடத்திலோ குண்டானிலோ கொண்டுவந்து கோயில் அண்டாவில் ஊற்றுவார்கள். எல்லார் வீட்டுக் கூழும் அதில் ஒன்றாகக் கலந்த பிறகுதான் வருகிறவர்களுக்கு வார்ப்பது. யார் வீட்டிலிருந்து எவ்வளவு வரும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் அண்டா வழிந்து வாசலெல்லாம் கூழாக ஓடியது. போன வருஷம் வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துபோய், நெடுஞ்சாலை ஓரத்துக் குடோன்களிலிருந்து ஆசையாக வந்த ஆட்கள் வெறும் சொம்போடு திரும்பினார்கள். அம்மன் வாசலில் கூழ் இல்லை என்று சொல்ல எனக்கே நாக்கு கூசியது.

"அதான், யாரு யாரு எத்தினி லிட்டர்னு போன்லயே போட்டுட்டா, மொத்தம் இன்னான்னு தெரிஞ்சிடும்ல? அத்த வச்சி அண்டா எட்துடலாம்" என்றார் வேம்புலி அண்ணன். "அப்பால ஒரு பெரிய டிவி வாடகைக்கு எட்துக்கிறேன். பேரு எல்லாம் அதுல ஓடணும். சோக்கா இருக்கும்."

யோசனை நல்ல யோசனைதான். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரம் இன்னொரு யோசனையோடு வந்து நிற்பார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். போனில் பெயரும் அளவும் நிரப்புகிற மாதிரி ஒன்று. நிரப்பியதெல்லாம் வரிசையாக ஓர் அணியில் போய் உட்காரும். அணி என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை, கூழ்க் குடங்கள் வரிசையில் நிற்பது மாதிரிதான். நிரல் ஒரு காலி அண்டாவை எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் மொத்தம். வரிசையில் முதலில் நிற்பவரின் அளவை அதில் ஊற்றும், அப்புறம் அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று கடைசி ஆள் வரை போகும். கணினி படிக்கிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே எழுதுகிற பாடம் இது. ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு வரிசையின் முதல் ஆள் ஒன்று. கணினிக்கு அவர் சைபர். இரண்டாவது ஆள்தான் அதற்கு ஒன்று. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அது அப்படித்தான்.

எழுதி முடித்து நிமிர்ந்தால் பின்னால் நைனா நிற்கிறார். எங்கள் அப்பா நாகப்பன், நெடுஞ்சாலைக் குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கோயிலை மூன்று தலைமுறையாகப் பார்த்துக்கொள்வது எங்கள் குடும்பம்தான் என்பதால், ஆடி பிறந்துவிட்டால் அவருக்கு இரண்டு கொம்பு முளைத்துவிடும்.

"லிஸ்ட்டுல சாமி பேரு எங்க?"

"நைனா, இது கூழு கொண்டாறவங்க லிஸ்ட்டு."

"எதுவா வேணா இருக்கட்டும். எந்த லிஸ்ட்டுனாலும் சாமி பேரு மொதல்ல. போடு."

போட்டேன். 'அருள்மிகு வேம்புலியம்மன் துணை' என்று வரிசையில் முதல் ஆளாக அம்மனே வந்து நின்றாள். அளவு என்ற கட்டம் காலியாக இருந்தது நைனாவுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி எத்தினி லிட்டர் கொண்டாருது, நீயே சொல்லு" என்றேன்.

"வாயப் பாரு. அங்க பிள்ளையார் சுழி போடு."

அதையும் போட்டேன். உடனே மொத்தம் படுத்துக்கொண்டது. எண்களுக்கு நடுவே 'உ' என்று ஓர் எழுத்தைக் கொடுத்து இதையும் சேர்த்துக் கூட்டு என்றால் கணினி பாவம் என்ன செய்யும்? 'எண் அல்ல' என்று பல்லை இளித்தது. சாமி வரியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, ஆனால் நைனா என்னை எடுத்துவிடுவார். யோசித்துப் பார்த்து, கூட்டலை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்படி மாற்றினேன். பெயர்களைத் திரையில் ஓட்டுவதும் அதே இடத்திலிருந்து. சைபரில் அம்மன் இருக்கிறாள், அவளைக் கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளிடமிருந்து கூட்டிக்கொள் என்று அர்த்தம். அம்மன் பெயர் தலைப்பாக மேலே நிற்கும், கீழே மற்றவர்கள் ஓடுவார்கள். ஒழுங்காகக் கூட்டியது. பட்டியலைத் திருத்த வேம்புலி அண்ணனுக்கும் ஒரு வழி கொடுத்து, தெரு வாட்ஸாப் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ ஆறுவதற்குள் முதல் பெயர் வந்து விழுந்தது. கன்னியம்மா, குமணன்சாவடி, இருபது லிட்டர்.

டீயை அப்படியே கீழே வைத்தேன். கன்னியம்மா என் அத்தை, நைனாவோடு பிறந்த ஒரே தங்கை. இரண்டு பேரும் பேசி நாலு வருஷம் ஆகிறது, தெரு வாட்ஸாப் குழுவில் மட்டும் அவள் இன்னும் இருந்தாள்.

காரணம் என் அண்ணன் சரணின் கல்யாணப் பத்திரிகை. தாய்மாமன் பெயர் இருந்தது, பெரியப்பா பிள்ளைகள் பெயர் எல்லாம் இருந்தது, எப்படியோ பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட 'நல்வரவை நாடும்' பட்டியலில் இடம் பிடித்திருந்தது. அத்தை, மாமா பெயர் மட்டும் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள். நைனா சரிபார்க்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுப் பத்திரிகையில் இல்லையென்றால் அவள் புருஷன் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பாள்? அத்தை நேராக வந்து பத்திரிகையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். கல்யாணத்துக்கும் வரவில்லை. நைனாவாவது போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அச்சுல வுட்டதுக்கு நான் இன்னா பண்றது' என்று பிடித்த பிடியில் நின்றுவிட்டார். அண்ணனுக்கும் தங்கைக்கும் வீம்பு ஒரே அச்சு.

கூழ் விஷயத்தில் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. காலி அண்டாவில் முதல் குண்டானை ஊற்ற வேண்டியது இந்த வீட்டில் பிறந்து வெளியே வாக்கப்பட்டுப் போன பெண். அதாவது அத்தை. இந்த நாலு வருஷமும் அவளுக்குப் பதிலாக அம்மாதான் ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் திருடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஊற்றுவாள்.

பெயர் வந்திருப்பதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா நைனாவிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார். ஆனால் சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய், எப்போதும் ஆள் வைத்துத் தேய்க்கிற அண்டாவைப் புளி போட்டுத் தானே தேய்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் சலூனுக்கும் போய்வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை வந்துவிட்டால் போதும், இந்த வீடு பழையபடி சத்தமாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவள் வேண்டும். அவளைப் போல என்னைத் திட்டுவதற்கு இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் கோயில் வாசல் நிறைந்துவிட்டது. வேப்பிலை சுற்றிய குடங்களும் குண்டான்களும் தெருவின் பாதி தூரத்துக்கு வரிசை கட்டியிருந்தன. வேம்புலி அண்ணன் சொன்னபடியே பெரிய டிவியைக் கொண்டுவந்து, தலைப்பு இருந்த இடத்தை மறைத்து அம்மன் படம் போட்டு, என் லேப்டாப்பிலிருந்து வயரும் இழுத்து வைத்திருந்தார். மேலே அம்மன் சிரிக்கிறாள், நடுவில் பெயர்கள் உருள்கின்றன, அடியில் மொத்தம் பெரிய எழுத்தில் மின்னுகிறது. தெருவே அதைத்தான் வாய் பிளந்து பார்த்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது உண்மை. கம்பெனியில் நான் எழுதுவது எதையும் யாரும் வாய் பிளந்து பார்த்ததில்லை.

அண்டா மட்டும் காலியாக இருந்தது. நைனா அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சார், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று வந்தார் சிவராமன். புதுக் குடியிருப்பில் இருக்கிறார், திருநெல்வேலிக்காரர், ஐடி வேலை. வீடியோ பார்த்துக் குக்கரில் கூழ் காய்ச்சி, அந்தக் குக்கரோடு வந்திருந்தார்.

"பூசாரி வரல" என்றார் நைனா. பூசாரி அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டவரிடம் மோர் வரவில்லை என்றார். இன்னொருத்தரிடம் நேரம் சரியில்லை என்றார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நைனாவின் கண் மட்டும் நெடுஞ்சாலை திரும்பும் முனையிலேயே இருந்தது. அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். தெருவில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்கும்.

ஒருவழியாக ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் ஒரு பெரிய அலுமினியக் குண்டான், வாய் கட்டிய வெள்ளைத் துணியோடு இறங்கியது. அதைப் பிடித்தபடி அத்தை இறங்கினாள். மஞ்சள் புடவை. நாலு வருஷத்தில் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தாள். ஒரு கம்பெனி கேண்டீனில் சமையலுக்கு நிற்கிறாள், பத்துப் பேர் தூக்குகிற பாத்திரத்தைத் தனியாகப் புரட்டுவாள். குண்டானை இடுப்பருகே வைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், நேராக அண்ணனைப் பார்க்கக் கூச்சப்பட்டாளோ என்னவோ, டிவியைப் பார்த்தாள்.

பெயர்கள் உருண்டன. சிவராமன், மூன்று லிட்டர். வேம்புலி, பதினைந்து. இன்னும் யார் யாரோ. கடைசிவரை போய் மறுபடி சிவராமனுக்கு வந்தது. கன்னியம்மா இல்லை.

கண் தவறியிருக்கும் என்று நினைத்திருப்பாள். இன்னொரு சுற்று முழுக்க நின்று பார்த்தாள். உதடு அசைய ஒவ்வொரு பெயராகப் படித்தாள். அதில்தான் எனக்கும் உறைத்தது. முதல் ஆளாகப் பதிந்தவள் பெயர் எங்கே போயிற்று?

"அத்தே" என்று ஓடினேன்.

"வாடி விஜி. நல்லா கீறியா?" குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "எல்லாரு பேரும் கீது. யாரோ சிவராமனாம், அவரு பேரு மொதல்ல நிக்குது. எம்பேரு எங்க கண்ணு?"

"இரு அத்தே, இன்னாமோ கோளாறு. தோ பாக்குறேன்."

"கோளாறா?" அத்தையின் மூக்கு விடைத்தது. "அன்னிக்கு அச்சு மேல பழி. இன்னிக்கு டிவி மேல பழியா? வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லிட வேண்டியதுதான? ரெண்டு நாளா மாவு பொளிக்க வச்சி, வெடியக்காலைல எழுந்து காச்சி, தூக்கிகினு வந்து தெருவு முன்னாடி நிக்கணுமா நானு?"

நைனாவின் முகம் இறுகிவிட்டது. கட்டிய கை கட்டியபடியே இருந்தது.

நான் லேப்டாப்புக்குத் திரும்பி ஓடினேன். அணியைத் திறந்து பார்த்தேன். சைபரில் அம்மன் இல்லை. அந்த வரியே இல்லை. அம்மன் இருந்த இடத்தில் அத்தை இருந்தாள். நான் எழுதிய நிரலோ, சொன்னபடி சைபரில் இருப்பவரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளிடமிருந்து கூட்டிக்கொண்டிருந்தது.

"எவன் இதுல கைய வச்சது?" என் குரல் மைக் இல்லாமலே தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

வேம்புலி அண்ணன் தலையைச் சொறிந்தார். "நேத்து சாயந்தரம் நான்தாம்மா. மேல அம்மா படமே வச்சிட்டோம்ல, அப்பால ரெண்டு எடத்துல எதுக்குன்னு அந்த லைன மட்டும் எட்துட்டேன். நல்லாதான ஓடிச்சி?"

நல்லாத்தான் ஓடியது, யாருக்கும் தெரியாமல் தப்பாக. அவரைத் திட்ட எனக்கு வந்த சொற்கள் கோயில் வாசலில் சொல்லத் தக்கவை அல்ல. அதைவிட, அவரை மட்டும் திட்ட முடியாது என்பதும் தெரிந்தது. எண்ணா இல்லையா என்று பார்த்துக் கூட்டச் சொல்லியிருக்க வேண்டும். சோம்பலில் முதல் வரியைத் தாண்டிப் போ என்று எழுதினேன். யார் வந்து அங்கே நின்றாலும் அது தாண்டத்தான் செய்யும்.

ஒன்றை அழித்துவிட்டுச் சைபர் என்று மாற்றினேன். திரை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. கன்னியம்மா, குமணன்சாவடி, இருபது லிட்டர். எல்லாருக்கும் மேலே வந்து நின்றது, மொத்தமும் ஏறியது.

"அத்தே, பாரு! நீதான் மொதல்ல பதிஞ்ச. கம்ப்யூட்டர்ல மொத ஆளு சைபர். நைனா சாமி பேர மொதல்ல போடச் சொன்னாரு, சாமிய வுட்டுட்டு எண்ணச் சொல்லி நான்..."

எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பட்டப்பகலில் நிஜத்தைச் சொல்லும்போது அது இவ்வளவு பொய் மாதிரி ஒலிக்கும் என்று தெரியாது.

அத்தை திரையைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கேட்டப்புறம் போட்டா அதுக்குப் பேரு பேரா?" என்றாள். "அன்னிக்கும் இப்பிடித்தான் ஸ்டிக்கரு அடிச்சி ஒட்டித் தர்றோம்னு சொன்னாங்க. பேரு ஒட்டுறதுக்கு நான் இன்னா வாடகக்கா வந்தவ?"

குனிந்து குண்டானின் காதைப் பிடித்தாள். ஷேர் ஆட்டோ இன்னும் திரும்பவில்லை, ஓட்டுநரும் என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இவள் இப்போது ஏறிப் போனால் இனி எந்த ஆடியிலும் வர மாட்டாள். நான் போட்ட ஓர் எண்ணால் போகிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சும்மா சொல்லக் கூடாது, அத்தனை பேர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நைனா கையை அவிழ்த்தார்.

"எங்க போற?" என்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அதிலாவது குரலைத் தணித்தாரா என்றால் அதுவும் இல்லை. "டிவியப் பாத்துகினு கத்துற. அண்டாவப் பாத்தியா?"

அத்தை குனிந்த மாதிரியே நின்றாள்.

"மணி பத்தாவப் போது. நாப்பது ஊட்டுக் கூழு வெயில்ல நிக்குது. பூசாரி இல்லங்குறேன், மோரு இல்லங்குறேன், வாய்க்கு வந்தத சொல்லி எல்லாரையும் நிக்க வச்சிகினு கீறேன். யாருக்கோசரம்? வந்து பாரு. ஒரு சொட்டு கூழு அதுல வியுந்து இருந்துச்சின்னா, நீ தாராளமா ஆட்டோ ஏறு."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். கண் சிவந்திருந்தது. "அச்சுல வுட்டது எந்தப்புதான்" என்று கீழே பார்த்துக்கொண்டு சேர்த்துச் சொன்னார். அது முன்வரிசையில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். அத்தை முன்வரிசையில்தான் இருந்தாள்.

அத்தை நிமிர்ந்தாள். குடங்களின் வரிசையைக் கடந்து மெதுவாக நடந்து வந்து, அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். தேய்த்த பித்தளையில் அவள் முகம்தான் தெரிந்திருக்கும். வேறு எதுவும் அதில் இல்லை. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

"யாரு தேச்சது? நல்லாதான் தேச்சிகீது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சிவராமனும் வேம்புலி அண்ணனும் ஓடிப்போய்க் குண்டானைத் தூக்கி வந்தார்கள். தூக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, அத்தை அதைத் தானே விளிம்பில் சாய்த்துப் பிடித்தாள். துணியை அவிழ்த்ததும் புளித்த கேழ்வரகு வாசம் குப்பென்று அடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கூழ் கட்டி இல்லாமல் வழவழவென்று இறங்கியது. அம்மா முகத்தில் அந்தத் திருட்டுக் களை போய், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கையை வீசிக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் கோயில் அத்தையின் கைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு குடம் ஊற்றும்போதும் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒருத்தி உப்பே போடவில்லை என்றாள், இன்னொருத்தி நொய்யரிசி வேகவில்லை என்றாள். சிவராமனின் குக்கரில் எட்டிப் பார்த்து, "சார், இத்த அடுத்த வாட்டி களின்னு பதியுங்க" என்றாள். அவர் சந்தோஷமாகச் சிரித்தார். பாவம், அவருக்கும் ஊர் விட்டு வந்து இந்தத் தெருவில் யாராவது திட்ட வேண்டியிருந்ததோ என்னவோ.

நடுவில் டிவியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ விஜி, எம்பேரு மொதல்ல கீது. சாமி பேரு எங்கடி?"

"அதான் மேல படம் கீதே அத்தே."

"படம் இருந்தா பேரு வேணாமா? வேம்புலி போட்டோவ ஒட்டிட்டு அவன் பேர அடிச்சிட்டா ஒத்துப்பானா?"

ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று வேம்புலி அண்ணனே சொன்னார். சாமி வரியைப் பிள்ளையார் சுழியோடு திரும்பப் போட்டேன். இந்தத் தடவை ஒழுங்காக உட்கார்ந்து எழுதினேன். சைபரிலிருந்து ஒருத்தரையும் விடாமல் எல்லாரிடமும் போ. அளவு எண்ணாக இருந்தால் கூட்டு. இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் போ. இனி யார் எந்த வரியை எடுத்தாலும் போட்டாலும் எங்கள் தெருவில் ஒரு ஆள் விட்டுப்போக மாட்டார். கம்பெனியில் எத்தனையோ பெரிய வேலை முடித்திருக்கிறேன், அன்றைக்கு அந்த நாலு வரியை முடித்தபோது வந்த நிம்மதி எதிலும் வந்ததில்லை.

கூழ் பற்றாக்குறை ஆகவில்லை. குடோன் ஆட்கள் வந்தார்கள், அரண்வாயல் பக்கம் போகிற பஸ்ஸை நிறுத்தி டிரைவரும் கண்டக்டரும்கூட இறங்கி வந்து ஆளுக்கு ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார்கள். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் எங்கள் வீட்டிலிருந்து போயின. கூட்டம் கலையும்போது அண்டாவின் அடியில் ஓர் ஆள் குடிக்கிற அளவு மிச்சம் இருந்தது. அதை நைனா குடித்தார்.

அத்தை கை கழுவிக்கொண்டு, தன் குண்டானைத் துடைத்து, துணியை மடித்து உள்ளே வைத்தாள். அம்மா அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துண்டு எல்லாம் வைத்த தட்டோடு வந்தாள். வந்தவளுக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் நைனா. பந்தல் கம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அண்டாவ யாரு கழுவுறது?"

அம்மாவுக்குத் தட்டே கை நழுவப் பார்த்தது. "இன்னாங்க இது? நாலு வருசம் கழிச்சி வந்துகீறாங்க, அவங்களப் போயி..."

அத்தை அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்து வாயில் திணித்துக்கொண்டு, புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். அண்டாவைப் படுக்கப் போட்டு, இடுப்பு வரை அதற்குள் போய்விட்டாள். தேங்காய் நார் உரசுகிற சத்தம் கிளம்பியது. தெருவில் ஒருத்திக்கும் கூழ் காய்ச்சத் தெரியவில்லை என்றும், அண்ணிக்கு இன்னும் கருவாட்டுக் குழம்பில் புளி தூக்கலாகவே இருக்கிறது என்றும், எனக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்காமல் வீட்டில் என்ன கிழிக்கிறார்கள் என்றும் அண்டாவுக்குள்ளிருந்து குரல் கணகணவென்று வந்துகொண்டே இருந்தது.

"விருந்தாளிய இப்பிடியா வேல வாங்குறது" என்று அம்மா என் காதில் புலம்பினாள்.

"அவங்க எங்கம்மா விருந்தாளி?" என்றேன்.

நைனா தண்ணீர் டியூபைப் பிடித்துக்கொண்டு அண்டாவின் பக்கத்தில் போய் நின்றார். தண்ணீர் விட மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார். நார் சத்தம் நின்றது.

"ண்ணா, இன்னா பாத்துகினு நிக்கிற?" என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "தண்ணிய ஊத்து."